முற்றத்துப் பூச்சியும் முன்பள்ளிப் பிள்ளையும்

வட இலங்கையின் வன்னியில் வளரும் நான்கு வயதுப் பிள்ளைக்குப் ‘பூச்சி’ என்ற சொல் முதலில் ஓர் எச்சரிக்கையாகவே வந்து சேர்கிறது. கிளினிக்கில் தரும் குடற்புழுக் குளிசைக்குப் பெயர் பூச்சி மருந்து. தகப்பன் வயலுக்கு அடிக்கும் நஞ்சுக்கும் அதே பெயர்தான். அந்தப் போத்தலுக்குக் கிட்டப் போனாலே பேச்சு விழும். பொழுதுபட்ட பின் பாம்பென்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் பாம்பும் பூச்சியாகிவிடும். இதே பிள்ளைதான் ஆண்டு முடிவில் முன்பள்ளிக் கலைவிழா மேடையில், கம்பியில் கட்டிய வலைத்துணிச் சிறகுகளோடு வண்ணாத்திப்பூச்சியாக ஆடுகிறது. ஒருபக்கம் நஞ்சு, மறுபக்கம் மினுக்கம். முன்பள்ளி வேலியோரத்து எருக்கலைச் செடியில் இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள புழு இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பூச்சிகளைச் செயல்வழியாகக் கற்பிக்கும் முறை வந்தது. நல்ல முறை. ஆனால் ‘செயல்’ என்பதைக் கையால் செய்யும் வேலை என்று மட்டும் விளங்கிக்கொண்டதால், அது பல இடங்களில் தன் பயனை இழந்து நிற்கிறது. ஒரே உயிரை, அது வாழும் இடத்திலேயே, நாள்தோறும் போய்ப் பார்ப்பதுதான் இந்த வயதுக்கு உரிய செயல். கை அதற்குப் பிறகு வரலாம். சில வேளைகளில் வராமலே இருக்கலாம். வன்னியின் மண்ணை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை இன்னும் முக்கியமாகிறது.

முறையின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைக் கல்வியின் முன்னோடிகள் பலர் உயிருள்ளவற்றைப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்கள். 1837இல் ஜேர்மனியில் தன் நிலையத்தைத் தொடங்கிய புரோபெல், பின்னர் அதற்குச் ‘சிறுவர் தோட்டம்’ என்று பெயர் சூட்டியது வெறும் உவமையாக அல்ல. அங்கே பிள்ளைகளுக்கு உண்மையான பாத்திகள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த மரியா மொண்டிசோரி, 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். நம் ஊர்களில் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பெயர் தங்கிய அளவுக்கு, பிள்ளையைப் பொறுமையாகப் பார்க்க விடும் அவருடைய பழக்கம் தங்கவில்லை. இந்த முன்னோடிகளின் உள்ளுணர்வுக்குப் பின்னாளில் சான்றும் கிடைத்தது. யப்பானிய உளவியலாளர் கயோகோ இனகாகி 1990இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகளையும் வளர்க்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார். மீனைப் பற்றி வளர்த்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. வளர்த்திராத தவளையைப் பற்றிக் கேட்டபோதும் அவர்கள் தங்கமீனை அளவுகோலாக வைத்து விடை கண்டார்கள் என்பதே அந்த ஆய்வின் பெறுமதி. தவளையை எப்போதும் சின்னதாகவே வைத்திருக்க முடியுமா என்றால், மீன் வளர்ந்ததுபோல் தவளையும் வளருமே என்று நியாயம் சொன்னார்கள். பாடமாகச் சொல்லிக் கொடுத்த பொதுவிதி ஒன்றும் அங்கே இல்லை. ஓர் உயிரோடு நெடுநாள் பழகியது இன்னோர் உயிரை விளங்கிக்கொள்ளும் படியாயிற்று.

இந்தச் சான்றை நம்மவர்கள் பெரும்பாலும் பாதியாகத்தான் வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பத்து வகை மீன்களைப் பார்த்தவர்கள் அல்லர். மீனின் படத்துக்கு நிறம் தீட்டியவர்களும் அல்லர். ஒரே வகை மீனுக்குத் தொடர்ந்து தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, அது பெருப்பதைக் கண்டவர்கள். அவர்களுக்கு நன்மை செய்தது வகையின் எண்ணிக்கையோ கைவேலையோ அன்று, காலம். ஒரு வாரத்துக்கு ஒரு கருப்பொருள் என்று ஓடும் முன்பள்ளி அட்டவணையில் காலம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. இந்த வாரம் பூச்சிகள், அடுத்த வாரம் வாகனங்கள். திங்கட்கிழமை முட்டை அட்டையை வெட்டிப் புழு செய்வது, செவ்வாய்க்கிழமை விரல் நுனியில் வர்ணம் தொட்டு எறும்பு வரைவது, புதன்கிழமை வண்ணாத்திப்பூச்சி முகமூடி, வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்க்கச் சுவரில் ஒட்டுவது. இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கும் விரலுக்குப் பயிற்சி வேண்டும். வர்ணம் பிள்ளைக்கு மகிழ்ச்சி. ஆனால் அது சித்திரப் பாடம். அதைப் பூச்சியைப் பற்றிய அறிவு என்று கணக்கெழுதும்போதுதான் பிழை நேர்கிறது. கடையில் வாங்கித் தொங்கவிடும் வாழ்க்கை வட்டப் படத்தில் பல வேளை இருப்பது அமெரிக்காவின் மொனார்க் வண்ணாத்திப்பூச்சி. அது இலங்கையில் இல்லை. அதன் நெருங்கிய உறவான செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி, அந்தப் படம் தொங்கும் சுவருக்கு வெளியே எருக்கலையில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். படத்திலுள்ள நான்கு அம்புக்குறிகள் நான்கு வயதுப் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. முட்டையும் புழுவும் கூடும் பூச்சியும் அதற்கு நான்கு தனித்தனிப் பொருட்கள். ஒன்றுதான் மற்றதாக ஆயிற்று என்பதை அம்புக்குறியால் நம்ப வைக்க முடியாது. இருபத்தைந்து நாள் ஒரே செடிக்குப் போய்ப் பார்த்த பிள்ளைக்கு அம்புக்குறி தேவையில்லை.

கைவேலைக்கு நேர் எதிர்முனையில் இருப்பது பிடித்து அடைக்கும் பழக்கம். கண்ணாடிப் போத்தலில் வெட்டுக்கிளி, தீப்பெட்டியில் பொன்வண்டு, வாலில் நூல் கட்டிய தும்பி. மூன்றாவது நம் பிள்ளைகளின் பரம்பரை விளையாட்டு. பெரியவர்கள் அதைப் பாசத்தோடு நினைவுகூர்வதும் உண்டு. தும்பி எந்த வெயிலுக்கு எந்தக் குச்சியில் இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து போனால் பறக்காது என்பதை அந்த விளையாட்டு துல்லியமாகக் கற்பித்தது என்பதை மறுக்க முடியாது. யப்பானில் கோடை வந்தால் கொம்பு வண்டுகளைப் பிடித்து வளர்ப்பது பிள்ளைகளின் பெரிய பொழுதுபோக்கு. கடைகளில் விலைக்கும் கிடைக்கும். அங்கே அது பூச்சிகள் மீதான ஒரு தேசிய விருப்பமாகவே வளர்ந்திருக்கிறது. எனவே பிடிப்பது எப்போதும் கொடுமையில்தான் முடியும் என்ற வாதம் நிற்காது. என் மறுப்பு வேறு. மூன்று, நான்கு வயதுக் கையின் பிடி இன்னும் தன் அழுத்தத்தை அளக்கப் பழகவில்லை. வண்ணாத்திப்பூச்சியின் சிறகுச் செதில் அந்த விரல்களுக்குத் தாங்காது. போத்தலுக்குள் போன வெட்டுக்கிளி தின்னாது, பாடாது, முட்டையிடாது. இறப்பதற்குக் காத்திருக்கும் ஒரு பொருள்தான் பிள்ளை முன் இருக்கும். கற்க வேண்டியவை எல்லாம் போத்தலுக்கு வெளியே விடுபட்டுப் போகின்றன. இதோடு சட்டமும் இருக்கிறது: வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பட்டியலில் சில வண்ணாத்திப்பூச்சி இனங்களும் உண்டு. எந்த இனம் பட்டியலில் உள்ளது என்று ஒவ்வொரு ஆசிரியையும் தெரிந்துவைத்திருக்க இயலாது. பிடிக்காமல் இருப்பது எல்லோருக்கும் இயலும்.

இனி வன்னியின் நிலத்துக்கு வருவோம். பிறநாட்டுச் செயற்பாட்டு நூல்கள் எதைத் திறந்தாலும் பூச்சிப் பாடம் ஒரே விதமாகத் தொடங்கும்: பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்லுங்கள், கல்லைப் புரட்டச் சொல்லுங்கள், விழுந்த கட்டையின் கீழ் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ஈரத் தோட்டத்தில் அது தீங்கற்ற வேலை. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ கட்டையின் கீழ் தேள் இருக்கும், பூரான் இருக்கும், புடையன் சுருண்டிருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் வன்னி நிலம் கண்ணிவெடிகளிலிருந்து முழுமையாக மீளவில்லை. இலங்கை 2017 டிசெம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்து, 2028ஐக் கண்ணிவெடி அகற்றலுக்கான எல்லையாக ஏற்றது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. வெடிக்காத வெடிபொருட்கள் காணி துப்புரவாக்கும்போதும் குப்பை எரிக்கும்போதும் தலைகாட்டியிருக்கின்றன. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த உயிர்காக்கும் பாடம் மிகச் சுருக்கமானது: தெரியாத பொருளைத் தொடாதே, எடுக்காதே, பெரியவரிடம் சொல். ‘தொட்டுப் பார், எடுத்துப் பார், தோண்டிப் பார்’ என்று அழைக்கும் ஒரு கல்விமுறை இந்தப் பாடத்தோடு நேரடியாக மோதுகிறது. நாலு வயதில் ஒரு பிள்ளையால் இந்தப் பொருளுக்கு இந்த விதி, அந்தப் பொருளுக்கு அந்த விதி என்று பிரித்து நடக்க முடியாது. இதை அற்பமான தடையாக நினைப்பவர்கள் வன்னியை அறியாதவர்கள்.

அப்படியானால் இந்த முறை வன்னிக்கே பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களின் வாதம் அது. அதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். கண்ணிவெடிப் பாடம் சொல்லும் விதியும் நல்ல பூச்சியியலாளரின் விதியும் உண்மையில் ஒன்றுதான். நில், பார், தொடாதே, கண்டதைச் சொல். பூச்சிகளின் நடத்தையைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் ஒரு நல்ல பங்கு, நெடுநேரம் பொறுமையாகப் பார்த்தவர்கள் கொடுத்தது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பாப்ரே குளவிகளைப் பார்த்தபடியே நெடுநேரம் கிடந்தவர். ஆகவே வன்னி முன்பள்ளி தன் பூச்சிப் பாடத்தைக் ‘காண்பது, சொல்வது’ என்ற இரண்டின் மேல் கட்டினால், அது பாதுகாப்பு விதியை மீறுவதாகாது; அந்த விதியை ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்வதாகிறது. இதற்கு வேண்டிய நிபந்தனை இடம். வேலிக்குள், பெருக்கிய முற்றத்துக்குள், எல்லாருக்கும் தெரிந்த மரங்களின் கீழ் மட்டும். காடு பார்க்கப் போகத் தேவையில்லை, குளக்கட்டுக்கு ஏறத் தேவையில்லை.

அந்தச் சின்ன எல்லைக்குள்ளும் போதுமான செல்வம் இருக்கிறது. தாழ்வாரத்தின் கீழ் மழை படாத மணலில் புனல்போல் குழி பறித்து, அடியில் ஒளிந்திருக்கும் குழியானை. வழுக்கி விழும் எறும்புக்கு அது மணலை எற்றி எறிவதைப் பார்க்கப் பிள்ளைகள் மூச்சடக்கிக் குந்தியிருப்பார்கள். ஒருவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. மாமரத்தில் இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்த முசுற்றுக்கூடு. தைக்கும் நூல் அதன் குஞ்சுப்புழுவின் வாயிலிருந்து வருகிறது. தொழிலாளி எறும்புகள் புழுவை நெசவுத் தார்போலப் பிடித்து இலைக்கும் இலைக்கும் இடையே ஓட்டுகின்றன. பிள்ளைக்கு இந்த விளக்கம் பிறகு வரலாம். இரண்டு முழத் தூரத்தில் நின்று, சிவப்பு எறும்புகள் வரிசையில் வந்து போவதைப் பார்ப்பது இப்போதே போதும். தேசிக் கன்றிலும் கறிவேப்பிலையிலும் ஒரு வகை வண்ணாத்திப்பூச்சியின் புழு இருக்கும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தோன்றும், பருத்த பின் இலைப் பச்சையாக மாறும், சீண்டினால் தலைக்குப் பின்னால் கவர்விட்ட ஒரு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு சாடியில் கறிவேப்பிலைக் கன்று, அதன் மேல் பழைய நுளம்பு வலை, அவ்வளவுதான் செலவு. சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைத் தீனியாகப் போடக் கூடாது. தெளித்த மருந்து இலையில் மிச்சமிருந்தால் புழு செத்துவிடும். எருக்கலைப் புழு இதைவிட அழகு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி வரியாக. ஆனால் எருக்கலம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. இலையை ஆசிரியை மட்டும்தான் பறிக்கலாம், பிள்ளைகள் செடியை எட்டி நின்று பார்ப்பதே சரி. முருங்கையில் கூட்டமாக அப்பியிருக்கும் மயிர்க்கொட்டிக்குக் கிட்டவே போக வேண்டாம். வீட்டில் அதைப் பந்தம் பிடித்து எரிப்பதைப் பிள்ளை கண்டிருக்கும்; ‘எல்லாப் புழுவும் நல்ல புழு’ என்று முன்பள்ளியில் பாட வைத்தால், பிள்ளை ஒன்றில் வீட்டை நம்பாது, அல்லது ரீச்சரை நம்பாது.

தொடுவதற்கும் ஓர் இடம் உண்டு. மாரியின் முதல் மழைக்குப் பின் சில நாட்கள் மட்டும் சிவப்புப் பட்டுத்துணித் துண்டுபோல் மண்ணில் ஊரும் தம்பளப்பூச்சி, பிள்ளையின் புறங்கையில் ஏறி நடந்தாலும் ஒன்றும் செய்யாது. தொட்டவுடன் கால்களை மடக்கிக்கொள்ளும். அறிவியல் கணக்கில் அது பூச்சியே அல்ல. எட்டுக் கால்கள், சிலந்தியின் உறவு. இதைப் பிழையான எடுத்துக்காட்டு என்று ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள்; எறும்புக்கு ஆறு, இதற்கு எட்டு. எண்ணும் பழக்கத்துக்கும், பெயர் ஒன்றாயிருந்தாலும் பொருள் வேறாயிருக்கலாம் என்ற எண்ணத்துக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இங்கே அட்டவணை குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வன்னியில் பூச்சிகள் பெருகும் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஈசல் கிளம்பும், தம்பளப்பூச்சி வரும், மின்மினி தெரியும், புதிதாய்த் துளிர்த்த இலையெல்லாம் புழு வைக்கும். முன்பள்ளியோ அந்த மாதங்களில் கலைவிழாவுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருக்கும், அல்லது வெள்ளத்துக்கு மூடியிருக்கும். பூச்சி வாரம் காய்ந்துகிடக்கும் ஆடியில் வந்தால் காகிதப் பூச்சிதான் மிஞ்சும். கருப்பொருளை மழையோடு சேர்த்து வைப்பதற்குக் காசு தேவையில்லை. அட்டவணை எழுதுபவர் ஊரின் பருவத்தை அறிந்திருந்தால் போதும்.

மிகக் கடினமான ஆட்சேபம் சுகாதாரத் தரப்பிலிருந்து வருகிறது: நுளம்பு. வன்னிக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. 1963இல் நாடு முழுவதும் மலேரியா நோயாளர் வெறும் 17 பேராகக் குறைந்திருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது திரும்பி வந்தது. போர்க்காலத்திலும் வன்னியை விடாமல் வாட்டியது. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லாமல் போக, 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே டெங்கு நாடெங்கும் 186,101 பேரைப் பிடித்தது. மன்னாரில், இலங்கை முன்னர் கண்டிராத, நகரக் கிணறுகளிலும் பெருகும் மலேரியா நுளம்பு இனமொன்றும் அதே காலத்தில் கண்டறியப்பட்டது. இந்த நாட்டில் பிள்ளைக்குப் பூச்சிகளை நேசிக்கக் கற்பிப்பது பொறுப்பற்ற செயல் இல்லையா? நேசிக்கக் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால், ஆம், பொறுப்பற்றதே. பூச்சிகளை நல்லது, கெட்டது என்று பிரித்து, வண்ணாத்திப்பூச்சிக்கு முத்தமும் நுளம்புக்கு அடியும் கொடுக்கும் பாட்டுகள் இந்தச் சிக்கலுக்குள் பிள்ளையை இன்னும் ஆழமாகத் தள்ளுகின்றன. பார்க்கக் கற்பிப்பதுதான் நோக்கமென்றால் நுளம்பைப்போல் நல்ல பாடம் வேறில்லை. மழை நீர் தேங்கிய சிரட்டையில் தலைகீழாகத் தொங்கி நெளியும் கூத்தாடிப் புழுவைப் பிள்ளை பார்க்கட்டும். இதுதான் பிறகு பறந்து வந்து கடிக்கும் என்று ஆசிரியை சொல்லட்டும். சிரட்டையைச் சூடான மண்ணில் கவிழ்த்து, அது உலர்வதையும் பிள்ளை பார்க்கட்டும். புழுவிலிருந்து பூச்சி வரும் என்று கறிவேப்பிலையில் கண்ட அதே உண்மை இங்கே வேறு முடிவுக்கு இட்டுச் செல்கிறது. இரண்டையும் கண்ட பிள்ளைக்கு ‘தண்ணீர் தேங்க விடாதே’ என்ற வாசகம் சுவரொட்டியின் கட்டளையாக இராது. ஆனால் கூத்தாடியைப் போத்தலில் வைத்து வளர்த்துக் காட்டும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அதைக் கற்றல் உபகரணம் என்று விளக்கிக்கொண்டு நிற்க முடியாது, நிற்கவும் கூடாது.

இந்த இடத்தில் முற்றத்தைப் பற்றிய ஒரு முரண்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். சிரமதானம் செய்து ஒரு புல்லும் இல்லாமல் செருக்கிய வளவே நல்ல முன்பள்ளியின் அடையாளம் என்று பெற்றோரும் மேற்பார்வையாளரும் எண்ணுகிறார்கள். பாம்பையும் நுளம்பையும் நினைத்தால் அந்த எண்ணம் நியாயமானது. ஆனால் அப்படிச் செருக்கிய வளவில் குழியானையைத் தவிர அதிகம் எதுவும் வாழாது. வேலியின் ஒரு மூலையில், பிள்ளைகள் ஓடி விளையாடும் பாதைக்கு அப்பால், இரண்டு தேசிக் கன்று, ஒரு கறிவேப்பிலை, சில பூச்செடிகள் என்று பத்தடி இடத்தை விட்டுவைப்பது பாதுகாப்பைக் குறைக்காது. நுளம்பு பெருகுவது அங்கே கிடக்கும் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும். செடியின் இலையில் அல்ல.

ஆசிரியையின் நிலையைப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. இலங்கையில் முன்பள்ளி முறையான பாடசாலைக் கட்டமைப்புக்கு வெளியே நிற்கிறது. பிரதேச சபை, சனசமூக நிலையம், ஆலயம், தேவாலயம், தொண்டு நிறுவனம் என்று நடத்துவோர் பலர். சம்பளமென்று சொல்லக் கூடிய அளவில் சம்பளம் கிடைப்பவர் சிலர். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல முன்பள்ளி ஆசிரியைகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சிறுபிள்ளைக் கல்விக்கும் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. அந்த வருமானத்தை விட்டுவிடச் சொல்லவும் யாராலும் முடியவில்லை. இந்த நிலையில் உள்ள ஒருவரிடம் இன்னொரு பாடச் சுமையை ஏற்றுவது தகுமா என்று கேட்டால், சுமையைக் குறைக்கும் வழியாகவே இதை முன்வைக்கிறேன் என்பேன். அட்டை வெட்டி, பசை வாங்கி, இரவிரவாக இருபது முகமூடி செய்வதைவிட, காலையில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு ஒரு செடியின் முன் குந்தியிருப்பது இலகு. அதற்கு வேண்டியது பூச்சியியல் பட்டமன்று. ‘எனக்கும் தெரியாது, நாளைக்கும் வந்து பார்ப்போம்’ என்று பிள்ளையிடம் சொல்லும் துணிவு. அந்தத் துணிவைப் பயிற்சி வகுப்புகள் கொடுப்பதில்லை. ரீச்சருக்கு எல்லாம் தெரியும் என்ற எதிர்பார்ப்பில் பெற்றோரும் பங்காளிகள்.

பெற்றோரின் குறை வேறு. முதலாம் ஆண்டுக்குப் போகுமுன் பிள்ளை ‘அ’ எழுத வேண்டும், ஆங்கில எழுத்துச் சொல்ல வேண்டும். பூச்சி பார்த்துக்கொண்டிருந்தால் எழுத்து எப்போது வரும்? அடிக்கடி இடம்பெயர்ந்து, 2009இல் போர் முடிந்த காலத்தில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் சிறுவயதின் ஒரு பகுதியைக் கழித்து, கல்வியைப் பறிகொடுத்த தலைமுறைதான் இன்று பல முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய் தகப்பன். அவர்களின் அவசரத்தைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பூச்சியைப் பார்த்தால் எழுத்துத் தானாக வரும் என்று பொய் வாக்குறுதி கொடுக்கவும் கூடாது. சொல்லக் கூடியது இவ்வளவே: முதலாம் ஆண்டில் காத்திருக்கும் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடம், கண்டதைச் சொல்லவும் ஒப்பிடவும் தெரிந்த பிள்ளையைத்தான் எதிர்பார்க்கிறது. எழுத்தைப் பிடிக்கும் முன் பிள்ளைக்குப் பேச ஒரு விடயம் வேண்டும். முசுறு, மயிர்க்கொட்டி, தம்பளப்பூச்சி, இலையான் என்று ஊர்ச் சொற்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. காட்டில் தேனெடுத்தவர்கள் பாலையும் வீரையும் பூக்கும் காலத்தையும், பெருந்தேனையும் கொம்புத்தேனையும் பிரித்துச் சொல்வார்கள். முகாமில் வளர்ந்த இடைத்தலைமுறைக்கு அவற்றில் பல வந்து சேரவில்லை. முன்பள்ளியில் கண்ட புழுவுக்கு வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு வா என்று பிள்ளையை அனுப்பினால், அது ஒரு தலைமுறையைத் தாண்டிப் போய்ச் சொல்லை எடுத்து வரும். வயல் அறக்கொட்டியை அறியும் தகப்பனுக்கும் தன் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு இம்முறையில் தீராத குறை ஒன்று உண்டு. அதை மறைத்து யாரையும் இதற்குள் இழுக்கக் கூடாது. உயிரை நம்பி நடத்தும் பாடம் எதிர்பார்த்தபடி முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. கறிவேப்பிலைக் கன்றில் மூன்று வாரம் பிள்ளைகள் பார்த்து வந்த புழு கூடு கட்டும், நாட்கள் போகும், கூடு கறுக்கும், ஒருநாள் அதன் பக்கத்தில் ஊசித் துளையொன்று தெரியும், அதிலிருந்து கண்ணுக்குப் படும் அளவேயான குளவிகள் டசின் கணக்கில் வெளிவரும். தாய்க்குளவி முன்பே வந்து உள்ளே முட்டையிட்டுப் போயிருக்கும். இது அரிதான விபத்தன்று, அந்த வண்ணாத்திப்பூச்சிக்கு அடிக்கடி நேர்வது. அன்று காலையில் சிறகை எதிர்பார்த்து வந்திருக்கும் இருபது பிள்ளைகள் முன் ஆசிரியை என்ன செய்வார்? வேறு செடியிலிருந்து நல்ல கூடொன்றை இரவோடிரவாகக் கொண்டுவந்து வைக்கலாம். பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதைச் செய்யக் கூடாது. கூட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, உள்ளே இருந்த புழுவை இந்தச் சின்னப் பூச்சிகள் தின்றுவிட்டன என்று உள்ளபடி சொல்லலாம். சிலர் அழுவார்கள். ஒருவர், இந்தக் குளவிகள் இப்போது எங்கே போகும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆசிரியை உடனே பதில் சொல்லத் தேவையில்லை. வலையைத் தூக்கி அவற்றைப் போக விட்டு, அடுத்த கன்றின் இலைகளின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.